செருப்பு நிலையத்துக்கு அனுமதி கோரி

காஞ்சிபுரம்
ஏப்ரல் 7

மதிப்பிற்குரிய சபைச் செயலாளர் அவர்களுக்கு,

வாலிபர் ஐக்கியத் தலைவி லில்லி எழுதுவது. ஸ்தோத்திரம்.

போன கமிட்டிக் கூட்டத்தில் நாம் இருவரும் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது என்று போதகர் ஐயா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "இனிமே அண்ணனும் தங்கச்சியும் என் எதிர்ல பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் எழுதி வாசல் பெட்டியில போடுங்க" என்பது அவர் தீர்ப்பு. ஆகவே எழுதுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கடிதம். போனில் நீங்கள் என்னை பிளாக் செய்திருப்பதால் வேறு வழியும் இல்லை.

கூட்டத்தில் கடைசியாக என்னைப் பார்த்து நீங்கள் சொன்ன வார்த்தைக்கு இதில் பதில் கிடையாது. இது சபையின் பெட்டி.

விஷயம் இதுதான். மே மாதக் கடைசி வாரம் ஏலகிரியில் வாலிபர் முகாம். நம் சபையிலிருந்து ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி உங்கள் மகள் திரிஷா. முகாம் நடத்துகிறவர்களுக்கு ஒரு பிடிவாதம்: கட்டணத்தைப் பெற்றோர் பையிலிருந்து கட்டக் கூடாது, பிள்ளைகள் சேர்ந்து உழைத்துத் திரட்ட வேண்டும். சபைப் பணத்திலிருந்து கேட்டதற்கு நீங்கள் முடியாது என்றீர்கள். சரி. உழைக்கிறோம். ஆனால் சபையின் பெயரில் எது செய்தாலும் செயலாளர் அனுமதி வேண்டுமாம்.

பிள்ளைகள் சொன்ன யோசனைகள்: ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்களின் வண்டிகளைக் கழுவித் தரலாம். கேக் செய்து விற்கலாம். அறுப்பின் பண்டிகையில் போடுகிற மாதிரி ஒரு சின்ன ஏலம் போடலாம். மூன்றில் எதற்காவது தலையாட்டுங்கள். மூன்றுக்கும் ஆட்டினாலும் கழுத்து வலிக்காது.

இப்படிக்கு,
லில்லி


காஞ்சிபுரம்
ஏப்ரல் 11

அனுப்புநர்: சா. ஜெபகுமார், செயலாளர்
பெறுநர்: செல்வி சா. லில்லி, தலைவி, வாலிபர் ஐக்கியம்

பொருள்: வாலிபர் முகாம் – நிதி திரட்டும் யோசனைகள் – அனுமதி கோருதல் – தொடர்பாக
பார்வை: தங்கள் கடிதம், நாள் ஏப்ரல் 7

பார்வையில் காணும் கடிதம் பரிசீலிக்கப்பட்டது.

வண்டி கழுவுதல்: ஆலய வளாக போர்வெல்லில் சித்திரை பிறந்தால் தண்ணீர் காற்றோடு வருகிறது. கை கழுவவே போதாத தண்ணீரில் வண்டி கழுவ இயலாது. மேலும், ஆராதனைக்கு வருகிறவர்கள் வண்டி எப்போது காயும் என்று பிரசங்கத்தின்போது ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிராகரிக்கப்படுகிறது.

கேக்: கடந்த கிறிஸ்துமஸுக்கு வாலிபர் ஐக்கியம் விற்ற கேக் நடுவில் வேகவில்லை. மூப்பர் இருவர் மறுநாள் ஆராதனைக்கு வரவில்லை. அதில் ஒருவர் நான். நிராகரிக்கப்படுகிறது.

ஏலம்: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்காகப் போட்டிபோட்டு விலையை ஏற்றிய இரண்டு குடும்பங்கள் இன்றுவரை எதிரெதிர் வரிசையில் உட்காருகின்றன. பூசணிக்காய் அழுகிவிட்டது. கோபம் அழுகவில்லை. நிராகரிக்கப்படுகிறது.

திரிஷாவுக்கான கட்டணத்தை என் சம்பளத்திலிருந்து கட்டத் தயார். முகாம் நடத்துகிறவர்கள் அவளே உழைத்ததாக எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
சா. ஜெபகுமார்

குறிப்பு: அண்ணி மீன் குழம்பு கொடுத்தனுப்பிய பாத்திரம் இன்னும் திரும்பி வரவில்லை. இது அண்ணி எழுதச் சொன்னது.


காஞ்சிபுரம்
ஏப்ரல் 14

செயலாளர் அவர்களுக்கு,

கலெக்டர் ஆபீஸ் வேலையை சபைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். பொருள், பார்வை, நிராகரிக்கப்படுகிறது. பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். கேக் பத்தி வந்தபோது திரிஷா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு மட்டும் நீங்கள் கட்டுவதாகச் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நான் மட்டும் போயி இன்னா பண்றது அத்தை? மத்த எட்டு பேரு?" என்றாள். உங்களிடம் பதில் இருந்தால் பெட்டியில் போடுங்கள்.

இப்போது புது யோசனை. இதற்குத் தண்ணீர் வேண்டாம், அடுப்பு வேண்டாம், பூசணிக்காய் வேண்டாம்.

அடுத்த மாதம் வரதர் கோயில் கருட சேவை. வருஷா வருஷம் பார்க்கிறோம்; விடிவதற்குள் சின்ன காஞ்சிபுரமே நிரம்பிவிடும். வருகிற எல்லோருக்கும் ஒரே கவலை, செருப்பை எங்கே விடுவது. விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது ஒற்றைச் செருப்பு கிடைக்கும், அதுவும் வேறு யாருடையதோ. அங்கே ஒரு செருப்புப் பாதுகாப்பு நிலையம் போட்டால் என்ன? பை, டோக்கன், கூடவே ஒரு பானைத் தண்ணீர்.

இடமும் பார்த்துவிட்டேன். நெசவாளர் குமாரசாமி வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில்தான். அவர் நெய்கிற சேலைகளுக்கு நான்தான் பல வருஷமாகக் குஞ்சம் முடிகிறேன். வீட்டை ஒட்டிக் காலி மனை இருக்கிறது. "புள்ளைங்க விசயம்னா எடுத்துக்கோம்மா, வாடகையெல்லாம் இன்னாத்துக்கு" என்றார். பைக்குத் துணியும் இருக்கிறது. என் தையல் கடையில் உள்பாவாடை வெட்டியதில் மிஞ்சியவற்றைப் பிள்ளைகளே பையாகத் தைத்துவிடுவார்கள்.

கோயில் திருவிழாவில் சபைப் பிள்ளைகளா என்று யாராவது கேட்டால், கால் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கும் காரணம் கண்டுபிடிப்பீர்கள் என்று தெரியும். என்ன காரணம் என்று பார்க்கத்தான் ஆவலாக இருக்கிறேன்.

லில்லி

பாத்திரத்தை ஞாயிற்றுக்கிழமை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன்.


காஞ்சிபுரம்
ஏப்ரல் 17

லில்லி,

பொருளும் பார்வையும் போட்டு எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. இதை நீ மட்டும் படி.

நீ பிறப்பதற்கு முன்னால் நாம் தென்னேரி ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இருந்தோம் என்று உனக்குத் தெரியும். ஏன் அங்கிருந்து வந்தோம் என்று உனக்குத் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்பா அப்போது அறுவடைக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு தடவை காஞ்சிபுரம் வந்தபோது செருப்பு வாங்கினார். அவருக்கு முதல் செருப்பு. நம் காலனிக்குப் போகிற வழி ஊர்த்தெரு வழியாக. அந்தத் தெரு தொடங்குகிற இடத்தில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரு முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

ஒரு நாள் அப்பாவின் தலையில் கூலி நெல் மூட்டை. இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதனால் செருப்பை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஆறு வயது. புதுச் செருப்பு, கீழே விழுந்துவிடக் கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். பெருமையாக நடந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆள், "இன்னாடா, புள்ளையா அது? நெஞ்சுல வெச்சிக்கினு போற? கீழ எறக்கிப் புடி" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். மூட்டைக்குக் கீழே அவர் முகம் தெரியவில்லை. "எறக்கிக்கோபா" என்ற குரல் மட்டும் வந்தது. இறக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவின் மிச்சத்தை நடந்தேன்.

அந்தச் செருப்பை அவர் அந்த ஊரில் மறுபடி போடவில்லை. அடுத்த வருஷம் இங்கே வந்துவிட்டோம்.

என்னைப் படிக்க வைத்தார், உன்னைப் படிக்க வைத்தார். நான் ஷூ போட்டுக்கொண்டு ஆபீஸ் போன முதல் நாள் தெருமுனை வரை கூடவே வந்தார். என் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இப்போது அவருடைய பேத்தி ஊரார் கழற்றிப் போடும் செருப்பைக் குனிந்து பொறுக்கிப் பையில் போட வேண்டுமா? காசுக்கு?

இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. உனக்கு அந்தத் தெரு தெரியாது, அதனால் வந்திருக்கும். அனுமதி இல்லை. திரிஷா முகாமுக்குப் போகப் போவதும் இல்லை. பெற்ற அப்பனாகச் சொல்கிறேன், செயலாளராக அல்ல.

ஜெபகுமார்


காஞ்சிபுரம்
ஏப்ரல் 27

அண்ணா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறேன். முதலில் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியாது என்று குற்றம் சொல்கிறீர்கள். யார் சொன்னீர்கள் தெரிவதற்கு? நீங்களும் அப்பாவும் அந்தத் தெருவை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டீர்கள். நான் அவருடைய மகள் இல்லையா? அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாகக் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால், "உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா தெரியும்" என்று சொல்லத் தெரிந்தது உங்களுக்கு. எழுத மாட்டேன் என்று சொன்னதை எழுதிவிட்டேன். போகட்டும்.

இதற்கு முன்னால் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

உங்களிடம் அனுமதி வருவதற்குள் கம்பங்கள் ஏற்பாடு செய்துவைக்கலாம் என்று, உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள் குமாரசாமி ஐயா வீட்டுக்குப் போயிருந்தேன். விடிகாலையில் தெருவில் பாவு நூலை நீட்டிப் போட அவர் வைத்திருக்கும் கட்டைகள் சுவரோரம் சாத்தியிருந்தன. உயரமும் சரி, உறுதியும் சரி. "ஐயா, இந்தக் கட்டையை அன்னிக்கு ஒரு நாள் குடுங்க, கயிறு கட்டிச் செருப்புப் பைய மாட்டிக்கிறோம்" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுப்பதற்கு அவர்தான் வெட்கப்பட்டார். கட்டையைத் துண்டால் ஒரு தடவை துடைத்துவிட்டு, "பட்டு ஏர்ற கட்டைம்மா இது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சிக் கும்புடறது. இதுல போயி செருப்ப... தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். பிறகு மாடியில் கிடந்த பழைய இரும்புப் பைப்புகளைத் தானே இறக்கிக் கொடுத்தார்.

நான் தினமும் அவர் நெய்த சேலையைத் தொடுகிறவள். எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அது வெறும் கட்டையாகத்தான் தெரிந்தது. மறுநாள் உங்கள் கடிதம் வந்தது. செருப்பையும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று புரிந்தது. கூசிப்போனேன், அண்ணா.

அதனால் நீங்கள் மட்டும் படிக்கச் சொன்னதை மீறினேன். பிள்ளைகளைக் கூப்பிட்டு, நடந்தவற்றைச் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை. ஆறு வயதுப் பையன் யார் என்றும் சொல்லவில்லை. ஆனால் திரிஷா கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு அவள் கேட்டாள்: "தூக்கினாதானே அத்தை? நம்ம தொடவே இல்லன்னா?"

அவர்களே உட்கார்ந்து பேசி ஒரு விதி போட்டார்கள். எங்கள் கை யாருடைய செருப்பிலும் படாது. வருகிறவர் பையை வாங்கி, தன் செருப்பைத் தானே அதில் போட்டு, தானே கயிற்றில் மாட்ட வேண்டும். திரும்பி வந்து டோக்கனைக் காட்டித் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் பையும் டோக்கனும் கொடுப்பார்கள், காவல் இருப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள். குனிய மாட்டார்கள். முடியாது என்பவர் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். இதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதியும் விட்டார்கள்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. இந்த யோசனை எப்படி வந்தது என்று என்னைக் கேட்டீர்களே, இது என் யோசனை இல்லை. முதல் நாளிலிருந்தே உங்கள் மகளுடையது. சொன்னால் அவளைத்தான் திட்டுவீர்கள் என்று என்மேல் போட்டுக்கொண்டேன்.

மறுபடியும் அனுமதி கேட்கிறேன். செயலாளரிடம் ஒன்று, அவள் அப்பாவிடம் ஒன்று.

லில்லி


காஞ்சிபுரம்
மே 4

அனுப்புநர்: சா. ஜெபகுமார், செயலாளர்
பெறுநர்: செல்வி சா. லில்லி, தலைவி, வாலிபர் ஐக்கியம்

பொருள்: காலணிப் பாதுகாப்பு நிலையம் – தொடர்பாக
பார்வை: தங்கள் கடிதம், நாள் ஏப்ரல் 27

தங்கள் கோரிக்கை கமிட்டியின் முன் வைக்கப்பட்டது. கமிட்டி ஒப்புக்கொண்டது. செயலாளர் கருத்துக் கூறவில்லை. சபையின் பெயர்ப் பலகை அங்கே வைக்கப்படலாகாது.

இரண்டாவது கோரிக்கை குடும்ப விஷயம். சபைப் பெட்டியில் போடத் தக்கதல்ல. எனினும், விடை: திரிஷா அங்கே நிற்கக் கூடாது. அது யாருடைய யோசனையாக இருந்தாலும் சரி.

அட்டையில் எழுதியதாகக் கூறும் விதியைப் பற்றி: அட்டையைப் படித்துவிட்டு நடக்கிற ஊராக இது இருந்தால் எங்கள் அலுவலகத்தில் பாதி வேலை இருக்காது. காசு கொடுத்தவன் குனியச் சொல்வான். அப்போது பதினேழு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பைகளில் எண்ணை இரண்டு பக்கமும் எழுதவும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் காற்றில் திரும்பிக்கொள்ளும். தேடுகிறவர் ஒவ்வொரு பையையும் திருப்பிப் பார்க்க நேரும். மேலே தார்ப்பாய் கட்டவும். வைகாசி வெயில்.

இப்படிக்கு,
சா. ஜெபகுமார்


காஞ்சிபுரம்
மே 20

செயலாளர் அவர்களுக்கு,

கருட சேவை முடிந்து, பைகளையெல்லாம் துவைத்துக் காயப்போட்டு, அட்டையைக் கழற்றி, மனையைக் கூட்டிக் குமாரசாமி ஐயாவிடம் ஒப்படைத்தாயிற்று. ஒன்பது பேரும் முகாமுக்குப் போகப் போதுமான பணம் வந்துவிட்டது. எண்ணை இரண்டு பக்கமும் எழுதினோம். தார்ப்பாயும் கட்டினோம். அதற்கு நன்றி.

ஒன்பது பேரும் என்றுதான் எழுதியிருக்கிறேன். திரிஷா வந்தாள். விடிவதற்கு முன்பே வந்து டோக்கன் மேசையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணிக்குத் தெரியும். அண்ணியைத் திட்டுவதாக இருந்தால் முதலில் என்னைத் திட்டுங்கள். போகச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை.

நீங்கள் எழுதியபடியே ஒன்று நடந்தது. நான் அப்போது தண்ணீர் பிடிக்கக் குமாரசாமி ஐயா வீட்டுக்குள் போயிருந்தேன். பிள்ளைகள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரிய மனுஷர். பையைக் கையில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றிக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, "எடுத்து மாட்டும்மா" என்றாராம். திரிஷா அட்டையைக் காட்டியிருக்கிறாள். "காசு வாங்கற இல்ல?" என்றாராம். "காசு காவலுக்கு சார். மாட்டறது நீங்கதான்" என்றாளாம். அவர் குரல் ஏறியது. "செருப்பு பாத்துக்கிற பொண்ணுக்கு இம்மாம் வாயா? நான் யாருன்னு தெரியுமா?" வரிசை நின்றுவிட்டது. பின்னால் இருந்தவர்களில் பாதிப் பேர், "எடுத்து வெச்சிட்டுப் போயேம்மா, சாமி வெளிய வந்துடப் போவுது" என்றுகூடச் சொன்னார்களாம். திரிஷா எழுந்திருக்கவில்லை.

அப்போது தலையில் துண்டு போட்டு முகத்தைப் பாதி மூடிய ஒருவர் வரிசையிலிருந்து முன்னால் வந்தாராம். ஒரு பையை வாங்கி, தன் செருப்பைப் போட்டு, தானே கயிற்றில் மாட்டி, டோக்கனை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாராம். அவருக்குப் பின்னால் இருந்த அம்மாவும் அதே மாதிரி செய்தார். அடுத்தவரும் செய்தார். வரிசை அந்தப் பெரிய மனுஷரைச் சுற்றிக்கொண்டு நகரத் தொடங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், முணுமுணுத்துக்கொண்டே குனிந்து தன் செருப்பைத் தானே எடுத்தார். மாட்டத் தெரியாமல் இரண்டு தடவை கீழே போட்டாராம்.

இப்போது செயலாளரின் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. எல்லாப் பைகளும் காலியாகிவிட்டன. ஒன்று மட்டும் நிற்கிறது, 143. பழுப்பு நிற ஆண் செருப்பு. இடது குதிகால் வெளிப்பக்கமாகத் தேய்ந்திருக்கிறது. வலது வார் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. சாயங்காலம் வரை காத்திருந்தோம். யாரும் வரவில்லை.

இடது காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து நடக்கிற ஒருவர் பின்னால் நான் சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போயிருக்கிறேன். ஆகவே எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

திரிஷாவைத் தனியாகக் கேட்டேன். "யாருன்னு தெரியலையா உனக்கு?" என்றேன். "தெரியும் அத்தை. லைன்ல வந்தாரு. டோக்கன் குடுத்தேன்" என்றாள்.

பை என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. நான் தொடவில்லை. கயிற்றோடு அவிழ்த்துக் கொண்டுவந்தேன்.

லில்லி


காஞ்சிபுரம்
மே 23

அனுப்புநர்: சா. ஜெபகுமார்
பெறுநர்: லில்லி

பொருள்: உரிமை கோரப்படாத காலணி – தொடர்பாக
பார்வை: உன் கடிதம், நாள் மே 20

பார்வையில் காணும் காலணி என்னுடையதே.

காலையில் எழுந்து பார்த்தேன், அவள் இல்லை. அண்ணி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புரிந்தது. கையைப் பிடித்து இழுத்து வரத்தான் புறப்பட்டேன். தெரிந்தவர் யாராவது பார்ப்பார்கள் என்று துண்டைப் போட்டுக்கொண்டேன். அங்கே போனால் வரிசையைத் தாண்டி மேசைக்குப் போக வழியில்லை. பின்னால் ஒருவர், "லைன்ல வாய்யா" என்றார். ஆபீஸில் வருஷக்கணக்காக நான் மற்றவர்களுக்குச் சொல்வது. நின்றேன்.

பிள்ளைகள் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது அவர்கள் பார்க்கவில்லை. அந்த ஆள் கத்தத் தொடங்கியதும் நான் முன்னால் போனது என் செருப்பை மாட்ட அல்ல. அவருடையதை எடுக்க. எடுத்து மாட்டிவிட்டால் சத்தம் நின்றுவிடும், பிள்ளையை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. என் உடம்பு தானாகப் போயிற்று. பாதி குனிந்துவிட்டேன், லில்லி. கை அந்தச் செருப்புக்கு அருகில் இருந்தது.

திரிஷா பார்த்துவிட்டாள். துண்டு முகத்தை மூடியிருந்தது, ஆனால் என் கை அவளுக்குத் தெரியாதா? அந்த ஆளிடம் பேசிய அதே குரலில், "நீங்க உங்களுத மட்டும் மாட்டுங்க சார்" என்றாள்.

என்னை சார் என்றாள்.

நிமிர்ந்தேன். ஒரு பையை நீட்டினாள், வாங்கினேன். என்னுடையதை மட்டும் மாட்டினேன். கயிறு கொஞ்சம் உயரம். நெஞ்சுக்கு நேராகத் தூக்கித்தான் மாட்ட வேண்டியிருந்தது. இறக்கிப் பிடி என்று யாரும் சொல்லவில்லை.

திரும்பி வந்து எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் கேட்பாய். எடுக்க வேண்டுமென்றால் மறுபடி அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். இன்னொரு தடவை சார் என்றிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அதனால் வேறு தெரு வழியாக வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். வெயில் ஏறி, தார் ரோடு கொதித்தது. உள்ளங்காலில் கொப்புளம். வழியில் என் ஆபீஸ் பியூன் பார்த்துவிட்டு, "இன்னா சார், வேண்டுதலா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அன்று மத்தியானம் அவள் வந்து சாப்பிட உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். எழுந்துபோய்த் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி சாப்பிட்டாள். நாங்கள் இதுவரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. உனக்குத்தான் எழுத வருகிறது.

கமிட்டிக் கூட்டத்தில் உன்னைப் பார்த்து நான் சொன்ன வார்த்தை நடவடிக்கைக் குறிப்பில் பதிவாகவில்லை. பதிவாகியிருந்தால் நீக்கக் கோரியிருப்பேன். அது தவறான தகவல். உன் ஒன்பது பிள்ளைகளில் ஒருத்தி என் வீட்டில் இருக்கிறாள். முகாமுக்கு வண்டி புறப்படும் நேரத்தைத் தெரிவித்தால் அனுப்பிவைக்கிறேன்.

காலணியைத் திரிஷாவிடம் கொடுத்தனுப்ப வேண்டாம், நீயும் எடுத்து வர வேண்டாம். உங்கள் விதி எனக்குத் தெரியும். டோக்கன் என் சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன். அண்ணி மீன் குழம்பு கொண்டு வருவாள். பாத்திரத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு.

அண்ணன்,
ஜெபகுமார்